புருசன் மனுசிக்குத் தூண்டில் பழக்கலாமோ? டொங்கரிரோ ஆறும் ட்ரவுட்டும் ஒரு சனி ஞாயிறும்

வெள்ளவத்தை_மீன்குஞ்சு எழுதியது:

கேள்வியை முதல்லை போட்டுவிடுறன், கதை பிறகு.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சோடி, பம்பலப்பிட்டியிலை இருக்கினம், வாற ஓகஸ்டிலை நியூசிலாந்து போகினம். ஒரு சனி ஞாயிறு டொங்கரிரோ ஆத்திலை ஃப்ளை ஃபிஷிங், அதுதான் இறகாலை கட்டின பொய்ப்பூச்சி வீசிப் பிடிக்கிறது, செய்து ட்ரவுட் எண்ட நன்னீர் மீன் பிடிக்க வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கினம். அவருக்குத் தூண்டில் பழக்கம். அவ வாழ்க்கையிலை ஒரு புழுக்கூடக் கோத்ததில்லை. கைட்டுக்குக் குடுக்கிற காசை மிச்சம் பிடிச்சு, தானே அவவுக்குச் சொல்லிக்குடுக்கலாம் எண்டது அவரின்ரை யோசனை. நான் வேண்டாம் எண்டுறன். என்ரை மனுசன் "ஏன், நான் உமக்குப் பழக்கேல்லையோ" எண்டு கேக்கிறார். அதுதான் வழக்கை இஞ்சை கொண்டுவந்தனான்.

நாங்கள் போனது போன வருசம் ஜூலையிலை. அங்கை நடுக்குளிர். ஒக்லாந்திலை அக்கா வீடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் காரிலை வெளிக்கிட்டு நாலு மணித்தியாலத்துக்கு மேலை ஓடினால் டுராங்கி, டௌபோ எண்ட பெரிய ஏரியின்ரை தெற்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஊர். டொங்கரிரோ ஆறு அந்த ஊரின்ரை விளிம்பாலை வந்து ஏரியிலை விழும். ஏரியிலை திண்டு கொழுத்த ரெயின்போ ட்ரவுட் குளிர்காலத்திலை முட்டையிட ஆத்துக்குள்ளை ஏறும். மீன் ஏறுற நேரம்தான் சனமும் வரும். சனி விடிய நாங்கள் கரைக்குப் போக, ஒரு மடுவுக்குள்ளையே ஏழெட்டுப் பேர் தொடையளவு தண்ணியிலை வரிசையாய் நிக்கினம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

இவர் வெள்ளவத்தை ரெயில்பாதைக் கல்லிலை நிண்டு பிடிச்சவர், பொல்கொடையிலை கொடுவா பிடிச்சவர். வெளிக்கிட முதல் கோல்ஃபேஸ் திடலிலை புல்லுக்கு மேலை லைன் வீசிப் பழகினவர் வேறை. அதாலை காலமை முழுக்க எனக்கு வாத்தியார். பின்னாலை நிண்டுகொண்டு "தூக்கும்", "இப்ப இல்லை", "லைனை மேலுக்குத் திருப்பிப் போடும்", "மரத்தைப் பாரும்". நான் மரத்தைத் திரும்பிப் பார்க்க, மீன் கடிக்கிறதைக் காட்ட லைனிலை கட்டின கம்பளி மிதப்பு தாண்டு போச்சு. அதுக்கும் பேச்சு எனக்குத்தான். பின்னாலை நிண்ட வில்லோ மரத்துக்கு எத்தினை ஃப்ளை காணிக்கை குடுத்தமெண்டு கணக்கில்லை. பத்தரை போலை நான் கரையிலை ஏறியிருந்து தேத்தண்ணி குடிச்சன். அவருக்கும் மீன் இல்லை. ஆள் தன்ரை மிதப்பைப் பார்த்தால் எல்லோ!

பின்னேரத்துக்கு அத்தான் ஒரு கைட்டை ஒழுங்குபண்ணினார். அறுவது வயசு மதிக்கலாம், வெள்ளைக்கார மனுசி. வந்து செய்த முதல் வேலை, இவரை அடுத்த மடுவுக்கு அனுப்பினது. எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னா: கம்பளியை மட்டும் பார். அது தாண்டாலும், நிண்டாலும், பக்கத்தாலை இழுபட்டாலும் தூக்கு. கல்லோ மீனோ எண்டு யோசியாதை. குளிரிலை விரல் விறைச்சுப்போய் முடிச்சுப் போடவே ஏலாது. முடிச்சை இறுக்க முதல் எச்சில் தொட்டு நனைக்கச் சொன்னா. காஞ்ச தங்கூசி இறுகேக்கை சூடாகி அந்த இடத்திலை பலம் விட்டுப்போமாம்.

நாலு மணி போலை கம்பளி நிண்டுது. தாழேல்லை, சும்மா ஒருக்கால் தயங்கிச்சுது. தூக்கினன். கோல் வளைஞ்சு தண்ணியைத் தொட்டுது. மீன் கீழ்ப்பக்கமாய் ஓட, றீலின்ரை கைபிடி சுழண்டு விரல்மொழியிலை அடிச்ச அடி ரெண்டு நாளைக்கு நொந்தது. பிறகு ஒருமாதிரி வலைக்குள்ளை வந்துது. வெள்ளி உடம்பு, பக்கத்திலை மங்கலாய் ஒரு ரோஸ் கோடு, முதுகிலை மிளகு தூவின மாதிரிப் புள்ளி. வெள்ளியாய் இருக்கிறது ஏரியாலை புதுசா ஏறினது, சாப்பிட நல்லது எண்டு சொல்லி, கைட் ஒரு சின்னப் பொல்லாலை தலையிலை ஒண்டு போட்டா. அக்கா அதைச் சொதி வைச்சா. எலும்பு கவனம், மற்றும்படி பிழை சொல்ல ஒண்டுமில்லை.

அப்ப சொல்லுங்கோ. அந்தச் சோடிக்கு என்ன புத்தி சொல்ல? இன்னொண்டு: நுவரெலியாப் பக்கமும் ட்ரவுட் இருக்கெண்டு சொல்லுகினம். இஞ்சையே பழகிக்கொண்டு போகேலாதோ?

---

கொட்டாஞ்சேனைப்_பெரியவர் எழுதியது:

பிள்ளை, மீனின்ரை படம் எங்கை? படமில்லாத மீனை நான் நம்பிறேல்லை.

---

ரெயில்பாதைத்_தூண்டில் எழுதியது:

மேலே எழுதினவவின்ரை மனுசன் நான்தான். இந்தக் களத்திலை அவவுக்கு முதலே உறுப்பினர். ஆனபடியால் என்ரை பக்கத்தையும் கேட்டுப்போட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கோ.

ஒண்டு, கைட் எண்டால் சும்மா இல்லை. அரை நாளுக்கே அங்கத்தைக் காசிலை வாங்குற தொகையை ரூபாயாய் மாத்திப் பார்த்தால் இஞ்சை ஒரு நல்ல றொட்டும் றீலும் எடுக்கலாம். ரெண்டு, காலமை நான் சொல்லிக்குடுத்ததாலைதான் பின்னேரம் அவவுக்குக் கை வந்துது. வந்த உடனை வீசத் தெரிஞ்ச ஆளைக் கைட்டிட்டைக் குடுத்தது ஆர்? மூண்டு, சொதிக்கு எடுத்த மீனை விட ஒரு பெரிய மீன் எனக்கு அடுத்த மடுவிலை கொழுவி, கல்லிலை தேச்சு அறுத்துக்கொண்டு போனது. அதைப் பற்றி ஒரு வரி எழுதேல்லை.

பெரியவர், படம் அக்காவின்ரை ஃபோனிலை இருக்கு. எடுத்துப் போடுறன்.

---

வெள்ளவத்தை_மீன்குஞ்சு எழுதியது:

இஞ்சாருங்கோ, அறுத்துக்கொண்டு போன மீனின்ரை நீளத்தையும் எழுதியிருக்கலாமே. காரிலை வரேக்கை ஒரு அளவு, ஒக்லாந்திலை ஒரு அளவு, கட்டுநாயக்காவிலை வந்து இறங்கேக்கை இன்னொரு அளவு.

---

ஹமில்டன்_அண்ணை எழுதியது:

நான் இருப்பது நியூசிலாந்தில் ஹமில்டனில், டுராங்கிக்குப் பாதித் தூரத்தில். குளிர்காலத்தில் அந்த ஆற்றுக்கு அடிக்கடி போகிறவன். குடும்பத் தகராறில் தலையிடவில்லை. ஆனால் அந்தச் சோடி தனியாகப் போவதாக இருந்தால் சில விசயம் தெரியாமல் போகக்கூடாது.

முதலில் லைசன்ஸ். டௌபோ பகுதி தனி. நியூசிலாந்தின் மற்ற இடங்களுக்கு எடுக்கும் லைசன்ஸ் அங்கே செல்லாது. இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் டௌபோவுக்கென்று எடுக்க வேண்டும், நாள் கணக்கிலும் கிடைக்கும். கணவனின் லைசன்ஸில் மனைவி "ஒருக்கால் வீசிப் பார்க்கிறன்" என்பதெல்லாம் சரிவராது. அந்தக் காசில் ஒரு பங்கு மண்ணின் சொந்தக்காரருக்கும் போகிறது. ங்காட்டி தூஃபாரெடோவா என்ற மாவோரி இனக்குழுவின் ஏரி அது. 1926இல் அரசு ஏரிப் படுகையைத் தன் பெயருக்கு எடுத்தபோது, லைசன்ஸ் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. 1992இல் படுகை அவர்கள் பெயருக்கே திரும்பியது.

அடுத்தது வரிசை. பேர்போன ஆறு என்பதால் மடுவுக்கு ஆள் இருக்கும். நிம்ஃப், அதாவது தண்ணீருக்குள் தாழ்ந்து போகும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை, போடுகிறவர்கள் மடுவின் வாலில் தொடங்கி மேலே நகர்வார்கள். ஆழ லைனில் ஃப்ளை ஓட விடுகிறவர்கள் தலையில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். ஏற்கெனவே நிற்பவர் எந்தப் பக்கம் நகர்கிறாரோ, நீங்கள் அவருக்குப் பின்னால் இறங்க வேண்டும். அவருக்கு முன்னால் போய் நின்றால் அடி விழாது, ஆனால் முழு ஆறும் திரும்பிப் பார்க்கும். ஓரிரண்டு வீச்சுக்கு ஒரு அடி நகர வேண்டும். சோடியாகப் போகிறவர்கள் பிழைவிடுவது இங்கேதான்: ஒரே இடத்தில் நின்று வகுப்பு நடத்துவார்கள், பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள்.

ரெயில்பாதைத் தம்பி, கோல்ஃபேஸ் பயிற்சி பற்றி ஒரு சொல். குளிர்காலத்து டொங்கரிரோவில் புல்லில் பழகிய வீச்சு பாதிதான் உதவும். அங்கே கட்டுவது இரண்டு நிம்ஃப், அதில் ஒன்று டங்ஸ்டன் மணி வைத்த கனமான 'பொம்'. அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டினால் பிடரியில் விழும், இல்லையென்றால் கோல் நுனி உடையும். பின்னால் மரம் வேறு. வேண்டியது உருட்டு வீச்சு, ரோல் காஸ்ட். லைனைத் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் அது வரும். புல் லைனைப் பிடிக்காது.

---

பொல்கொட_நானா எழுதியது:

ஹமில்டன் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா கோல்ஃபேஸ் வாணாம் என்டு செல்ல ஏலாது.

ஃப்ளை ஃபிஷிங் என்டா என்னான்டு தெரியாதவங்களுக்கு: நாங்க கடல்ல வீசுறதுல ஈயத்துட பாரம்தான் தங்கூசிய இழுத்துட்டுப் போற. ஃப்ளைக்கு பாரமே இல்ல, இறகும் நூலும்தான். அதுனால லைனுக்கே பாரம் வெச்சிருக்காங்க. றொட்ல 5, 8 என்டு நம்பர் ஈக்குதே, அது லைன்ட முதல் 30 அடிட பாரத்துக்கு. 5ஆம் நம்பர் 140 கிரெய்ன், ஒம்பது கிராம் அளவு. 8 என்டா 210 கிரெய்ன். லைன் பின்னுக்கு முழுசா விரிஞ்சு றொட்ட இழுக்கிற வரைக்கும் காத்திருந்து முன்னுக்கு அடிக்கணும். காத்திருக்காட்டி சவுக்கு மாதிரி 'டப்' என்டு சத்தம் வரும், ஃப்ளை பறந்திரும். அந்தக் காத்திருக்கிற பழக்கம் புல்லுலதான் வரும். ஊசி கட்ட வாணாம், ஒரு துண்டு கம்பளி போதும். சீமெந்துத் தரையில வீச வாணாம், லைன்ட தோல் உரிஞ்சு போகும்.

கோல்ஃபேஸ்ல பின்னேரத்துல கடல் காத்து முகத்துக்கு அடிக்கும். அதுல வீசப் பழகினா எங்கயும் வீசலாம். என்ன, சின்னப் புள்ளைகள் வந்து "அங்கிள் பட்டம் எங்க?" என்டு கேட்டு மானத்த வாங்கும்.

உருட்டு வீச்சுக்குத் தண்ணி வேணும் என்டா பொல்கொடக்கு வாங்க. வள்ளத்துல நின்டு பழகலாம். பழகுற நேரத்துல கொடுவா ஒன்டு கொழுவினா என்னக் குறை செல்ல வாணாம்.

அப்ப அசல் கேள்விக்கு: பொஞ்சாதிக்கு நான் பழக்கினது கார் ஓட்ட. அதோட எனக்கு ஆசை தீந்து போச்சு. கைட்ட எடுங்க.

---

நானுஓயாக்காரன் எழுதியது:

கொழும்புல வேலை, ஊரு நானுஓயா. நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் இருக்கான்னு அக்கா கேட்டிருந்தாங்க. இருந்துச்சு, இப்பவும் அங்கங்க இருக்குங்க. எல்லாம் தொரைமாரு கொண்டு வந்ததுதான். 1880கள்ல முதல்ல பிரவுன் ட்ரவுட் முட்டைய கப்பல்ல கொண்டாந்து விட்டாங்க. அது இங்க நெலைக்கல. அப்பறம் கொண்டாந்த ரெயின்போதான் குஞ்சு பொரிச்சுப் பெருகுச்சு. தொரைமாருக்கு இங்கிலாந்துல செஞ்சதெல்லாம் இங்கயும் செய்யணும், குதிரை ஓட்டம், கோல்ஃப், ட்ரவுட். ஹோட்டன் சமவெளியில இருக்கிற ஃபார் இன்ங்கிற பழைய பங்களாவுக்குத் தொரைமாரு வேட்டைக்கும் மீனுக்கும்தான் போயிட்டு இருந்தாங்க.

எங்க தாத்தா தோட்டத்துல பெரட்டுக்குப் போயி வேலை செஞ்ச காலத்துல, லீவு நாளுன்னா தொரைக்குத் தூண்டில் பையும் சாப்பாட்டுக் கூடையும் தூக்கிட்டுப் போவாராம். மீனு புடிச்சா கணக்குல எழுதி வைப்பாங்களாம், எந்த ஓடை, எத்தன ராத்தல்னு. தூக்கிட்டுப் போனவங்களுக்கு அந்த மீனைத் தின்னு பாக்கக் கிடைச்சதான்னு கேட்டா தாத்தா சிரிப்பாரு. அவ்வளவுதான்.

இப்ப நான் கேக்குறது என்னன்னா, நாங்க ஏன் நியூசிலாந்து வரைக்கும் போகணும்? கோட்டையில கோச்சி ஏறுனா நானுஓயா. அங்கேருந்து ஹோட்டன் சமவெளி ஒரு வேன் தூரம். தண்ணியும் குளிரு. தொரைமாரு மட்டும்தான் புடிக்கணுமா?

---

தும்முல்லை_மாணவி எழுதியது:

நானுஓயாக்காரன் அண்ணா, உங்கள் தாத்தாவின் கதையை வாசித்துவிட்டு இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோட்டன் சமவெளியில் தூண்டில் போட முடியாது. அது 1988 முதல் தேசியப் பூங்கா. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ளே எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது. வாசலில் பொலித்தீன் பையையே பறிக்கிறார்கள், தூண்டிலோடு போனால் கேட்க வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், ட்ரவுட் அங்கே செய்தது என்ன என்று பார்க்க வேண்டும். அந்த உயரத்து ஓடைகளில் மீனுக்குப் பழக்கமில்லாத உயிர்கள் இருக்கின்றன. அந்தச் சமவெளி ஓடைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன நன்னீர் இறால் இருக்கிறது. ட்ரவுட் இறாலைத் தின்னும், தும்பியின் இளம்புழுவைத் தின்னும், தலைப்பிரட்டையைத் தின்னும். தவளைகள் எல்லாவற்றையும் ட்ரவுட் அழித்துவிட்டது என்று முகநூலில் சிலர் எழுதுவது மிகை. எங்கள் மலைக்காட்டு மரத்தவளைகள் பல தண்ணீரில் முட்டையிடுவதே இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளியே வருகின்றன. அவற்றுக்கு ட்ரவுட்டால் தொல்லையில்லை. இறாலுக்குத்தான் தப்ப வழியில்லை.

பூங்காவுக்கு வெளியே உள்ள ஓடைகளில் மரக்கறித் தோட்டத்து மண்ணும் மருந்தும் இறங்குகின்றன. ட்ரவுட்டுக்குத் தண்ணீர் 20 பாகையைத் தாண்டினாலே மூச்சு முட்டும். குளிர்ந்த தண்ணீரில்தான் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும். கரையோர மரத்தை வெட்டி வெயில் விழ விட்டால் அது இருக்க இடமில்லை. இது ட்ரவுட்டுக்காகக் கவலைப்பட்டு எழுதியதல்ல. களனி ஆற்றின் தலைக்கால்களில் ஒன்றும் அந்தச் சமவெளியில்தான் தொடங்குகிறது. முகத்துவாரத்தில் கடலில் விழும் முன்பு நாங்கள் கொழும்பில் அதைத்தான் குடிக்கிறோம்.

---

நானுஓயாக்காரன் எழுதியது:

தங்கச்சி, அப்படின்னா வெளியிலேர்ந்து வந்த மீனு, இறாலத் திங்குது, அதைப் புடிக்கவும் கூடாதுங்கிறீங்க. புடிச்சா இறாலுக்கு நல்லதுதானே?

---

தும்முல்லை_மாணவி எழுதியது:

நல்ல கேள்வி, எங்கள் வகுப்பிலேயே இதற்குச் சண்டை நடந்தது. ட்ரவுட்டைக் குறைக்க வேண்டும் என்றால் பூங்காவே திட்டமிட்டு, மின்கருவியாலோ வலையாலோ, இறால் இருக்கும் ஓடையைத் தெரிந்தெடுத்துச் செய்ய வேண்டும். பொழுதுபோக்குத் தூண்டிலுக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? காசு கட்டி வருகிறவருக்கு மீன் வேண்டும். மீன் குறைந்தால் "இன்னும் குஞ்சு விடுங்கள்" என்பார்கள். தொரைமார் காலத்தில் நடந்ததும் அதுதானே. அதோடு இரண்டு கரையிலும் ஆள் நடந்து மிதித்தால் சதுப்புப் புல் தாங்காது.

---

ஹமில்டன்_அண்ணை எழுதியது:

தங்கச்சி சொல்வது டௌபோவிலும் நடந்த கதை. அந்த ஏரியில் கோஆரோ என்ற சின்ன உள்நாட்டு மீன் இருந்தது. மாவோரிகளுக்கு முக்கியமான சாப்பாடு. ட்ரவுட்டை விட்டார்கள், கோஆரோ அருகிப்போனது. தின்ன இரையில்லாமல் ட்ரவுட்டும் மெலிந்தது. பிறகு 1930களில் ட்ரவுட்டுக்குத் தீனியாக ஸ்மெல்ட் என்ற இன்னொரு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு எல்லோரும் புகழ்கிற கொழுத்த ரெயின்போ அதைத் தின்றுதான் கொழுக்கிறது. டொங்கரிரோவின் மேல் தண்ணீரில் ஒரு பகுதியை 1964க்கும் 1983க்கும் இடையில் கட்டிய மின்திட்டம் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போகிறது. நான் அங்கே மீன் பிடிப்பவன்தான், விடப்போவதும் இல்லை. ஆனால் "கன்னி ஆறு" என்று யாராவது படத்துக்குக் கீழே எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும்.

---

கொட்டாஞ்சேனைப்_பெரியவர் எழுதியது:

படம் வந்தது, பார்த்தன். மீன் சரிதான்.

எனக்கு விளங்காதது வேறை. உந்த வெள்ளைக்காரர் மீனைப் பிடிச்சுப்போட்டு முத்தம் குடுத்துத் திருப்பி விடுகினமே, அது என்ன விளையாட்டு? பசிக்குப் பிடிக்கிறது ஒரு கணக்கு. வாயிலை ஊசி குத்தி, இழுத்து, களைக்கப் பண்ணி, படமெடுத்து, பிறகு "போ ராசா" எண்டு விடுறதை நான் எந்தக் கணக்கிலை எழுதிறது? நான் சின்ன வயசிலை முத்துவெல்லைப் பக்கம் தூண்டில் போட்டவன். பிடிச்சதை விட்டுட்டு வீட்டை போனால் அம்மா என்னை விட்டிருக்கமாட்டா.

---

ரெயில்பாதைத்_தூண்டில் எழுதியது:

ஐயா, சொதி வைச்சது எண்டு எழுதியிருக்கிறா. விட்டது நான் பிடிச்ச ரெண்டு சின்ன மீன், ஞாயிறு காலமை. அளவுக்குக் குறைஞ்சதை விடத்தான் வேணும், அது சட்டம்.

(ஆம், ஞாயிறு நான் மீன் பிடிச்சனான். அதுவும் அவ எழுதேல்லை.)

---

ஹமில்டன்_அண்ணை எழுதியது:

பெரியவருக்கு ஒரு தகவல்: நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்கவோ வாங்கவோ கூடாது, சட்டப்படி குற்றம். எந்தக் கடையிலும், எந்த உணவகத்து மெனுவிலும் இராது. தின்ன ஆசையென்றால் பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் சும்மா தர வேண்டும். நீங்கள் பிடித்த மீனைக் கொண்டுபோனால் சமைத்துத் தருகிற உணவகங்கள் உண்டு. கள்ளமாக வலை போட்டு விற்கும் தொழிலுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பதுதான் கணக்கு.

எல்லா மீனும் தின்ன நல்லதில்லை. ஆற்றில் கனநாள் நின்று முட்டைக்குத் தயாரான மீன் கறுத்துவிடும், சதை வெளிறிச் சவசவ என்றிருக்கும். அதை விட்டுவிடுவது மீனுக்கும் நல்லது, கறிச்சட்டிக்கும் நல்லது. விடுவதென்றால் முறையாக விட வேண்டும்: முள்ளில்லாத ஊசி, கையை நனைத்துவிட்டுத் தொடுதல், தண்ணீரை விட்டுத் தூக்காமல் ஊசியைக் கழற்றுதல், தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து அது தானாக உதறும்வரை வைத்திருத்தல். முத்தம் தேவையில்லை. காய்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழுவழுப்புப் போகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

---

கொட்டாஞ்சேனைப்_பெரியவர் எழுதியது:

விக்கேலாது எண்டது நல்ல சட்டம். மற்றதிலை எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்லை. சரி, உங்கடை வழக்கைப் பாருங்கோ.

---

பம்பலப்பிட்டி_புதுசு எழுதியது:

மேலே சொன்ன "தெரிஞ்ச சோடி"யிலை மனுசி நான். அக்கா இந்த இழையை அனுப்பினா, அதுக்காகவே கணக்குத் திறந்தனான்.

எங்கடை வீட்டு ஆள் யூடியூப்பிலை பார்த்துப் பார்த்து எனக்கு இப்பவே ஹோலுக்குள்ளை வகுப்புத் தொடங்கியாச்சு. விளக்குமாத்துத் தடியிலை நூல் கட்டி, மணிக்கூட்டு முள்ளு மாதிரி "பத்து மணி, ஒரு மணி" எண்டு கை அசைக்கச் சொல்லுறார். மின்விசிறியிலை ஒருக்கால் சிக்கிப்போச்சு.

எனக்கு மூண்டு சந்தேகம். எனக்கு நீந்தத் தெரியாது, இடுப்பளவு தண்ணியிலை இறங்கப் பயம். கரையிலை நிண்டு செய்யேலாதோ? வேடர்ஸ் எண்ட தண்ணி புகாத நீளக் காற்சட்டை, சப்பாத்து எல்லாம் இஞ்சை வாங்கிக்கொண்டு போறதோ, அங்கை எடுக்கிறதோ? முழு நாளும் நிக்க வேணுமோ, இடையிலை வேறை ஏதும் பார்க்க இருக்கோ?

---

ஹமில்டன்_அண்ணை எழுதியது:

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை.

நீந்தத் தெரியாவிட்டால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். பயப்படவும் வேண்டாம், முழங்காலளவிலேயே மீன் பிடிக்கும் இடங்கள் உண்டு. கைட்டுக்கு முன்கூட்டியே சொன்னால் அப்படியான மடுவுக்குக் கூட்டிப்போவார். வேடர்ஸுக்கு மேலே இடுப்புப் பட்டி கட்டாயம், இறுக்கமாக. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அதுதான். காலைத் தூக்கி வைக்காமல் அரக்கி அரக்கி நடக்க வேண்டும், அடியில் உருண்டைக் கல்லு. இரண்டு பேரும் கடக்கிற நிலை வந்தால் கையைக் கோர்த்துக்கொண்டு, பலமான ஆள் மேல்பக்கமும் மற்றவர் கீழ்ப்பக்கமுமாக நின்று, அக்கரையை நோக்கி ஒன்றாக நடக்க வேண்டும். மேலே மழை பெய்தால் ஆறு சடுதியாக ஏறும். தண்ணீர் நிறம் மாறினால், சருகு மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரைக்கு ஏறுங்கள்.

வேடர்ஸ் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், கொழும்பிலிருந்து தூக்கிவர வேண்டாம். கம்பளிப் பாதம் வைத்த சப்பாத்து மட்டும் வேண்டவே வேண்டாம். டிடிமோ என்ற பாசி 2004இல் தென்தீவில் வந்து பரவியபிறகு அதற்கு நன்னீரில் தடை கொண்டுவந்தார்கள். பாவித்த தூண்டில், றீல், இறகு ஃப்ளை எதுவானாலும் வருகைப் படிவத்தில் குறிப்பிட்டு விமான நிலையத்தில் காட்டுங்கள். பொல்கொடைச் சேறு ஒட்டியிருந்தால் பிடித்து வைத்துக் கழுவுவார்கள். சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே தண்டம். கருவாடும் மிளகாய்த்தூளும் கொண்டுபோகிற ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இடையில் பார்க்க: டுராங்கிக்குத் தெற்கே டொங்கரிரோ தேசிய ட்ரவுட் நிலையம் இருக்கிறது, குஞ்சு பொரிக்கிற இடமும் நிலத்துக்குக் கீழே கண்ணாடியூடாக ஓடையைப் பார்க்கிற அறையும் உண்டு. பக்கத்தில் டோக்காணு வெந்நீர்க் குளம். குளிரில் விறைத்துப்போய் வந்தவர்களுக்கு அதுதான் மோட்சம்.

---

பொல்கொட_நானா எழுதியது:

தங்கச்சி, விளக்குமாத்துத் தடிய விடுங்க. ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் பொல்கொடக்கு வாங்க. ஒங்களுக்கு எங்கட வீட்டு ஆள் சொல்லிக்குடுப்பா, உருட்டு வீச்சு அவ என்ன விட நல்லா போடுவா. ஒங்கட மாப்பிள்ளை என்னோட மத்த வள்ளத்துல.

---

ரெயில்பாதைத்_தூண்டில் எழுதியது:

நானா, கார் ஓட்டப் பழக்கினதோடை ஆசை தீர்ந்தது எண்டீங்கள். அப்ப அவவுக்கு உருட்டு வீச்சுப் பழக்கினது ஆர்?

---

பொல்கொட_நானா எழுதியது:

அவட நானா, கூடப் பொறந்த மூத்தவர். எனக்கும் அவர்தான் பழக்கின.

---

வெள்ளவத்தை_மீன்குஞ்சு எழுதியது:

தீர்ப்பு வந்திட்டுது எண்டு நினைக்கிறன். இவர் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை, "பெரும்பான்மைத் தீர்ப்பு" எண்டு முணுமுணுக்கிறார்.

நானுஓயாத் தம்பி, தும்முல்லைத் தங்கச்சி, ரெண்டு பேரும் எழுதினதை வாசிச்சபிறகு ஹோட்டன் சமவெளி யோசனையை விட்டுட்டன். ஆனால் தம்பி, தாத்தா தூண்டில் பை தூக்கின கதையை ஒரு தனி இழையாய் எழுதுங்கோ. எந்த ஓடை, எந்தத் தோட்டம், என்ன சாப்பாடு கூடையிலை எண்டு எல்லாம். இதுக்குள்ளை புதைஞ்சு போகக்கூடாது.

---

நானுஓயாக்காரன் எழுதியது:

எழுதுறேங்க. பெரியம்மாகிட்ட கேக்கணும், அவங்களுக்குத்தான் ஓடை பேரெல்லாம் ஞாபகம். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப கேட்டுட்டு வர்றேன்.

---

பம்பலப்பிட்டி_புதுசு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவருக்குச் சொல்லாமல் கைட்டுக்கு மெயில் போட்டிட்டன். சனி பின்னேரம், ஒரு ஆளுக்கு மட்டும், முழங்காலளவு தண்ணி எண்டு எழுதினனான். பொல்கொடைக்கு வாற ஞாயிறு வரலாமோ நானா?

---

பொல்கொட_நானா எழுதியது:

வாங்க. காலையில ஆறரைக்கு முன்னுக்கு, வெயில் ஏறினா காத்து எழும்பிரும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம், அது ஸ்டைலுக்கு இல்ல, புதுசா வீசுறவங்கட ஊசி எங்க போகும் என்டு அவங்களுக்கே தெரியாது.